1210 எஸ்இ: ஆக்சில், பட்டை, ஹவுசிங்ல இறுகிப்போன கிரீஸை வீட்டுல வச்சே எடுக்கிறது எப்படி?

#1 சேசிஸ்_திருநகர்

வணக்கம். வண்டி டாடா 1210 எஸ்இ லாரி. முன் ஆக்சில் பீம், ரெண்டு பக்கப் பட்டைக் கட்டு (இலை இலையா அடுக்கின லீஃப் ஸ்பிரிங்), ஸ்டியரிங் பாக்ஸ், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஹவுசிங் எல்லாம் கழட்டிக் கட்டை மேல வச்சாச்சு. வண்டி கடைசி வரைக்கும் மேலூர் பக்கம் கல் லோடு அடிச்சது. அதனால வெறும் கிரீஸ் இல்ல. கிரீஸ், கிரானைட் தூள், தார் மூணும் சேர்ந்து இறுகி, ஷேக்கிள் (பட்டை நுனியை சேசிஸோட கோக்குற இணைப்பு) பக்கம் ஒரு அங்குலத்துக்கு மேல படிஞ்சிருக்கு. ஸ்குரூ டிரைவரால குத்தினா உள்ள இறங்குது, ஆனா பெயர மாட்டேங்குது.

இடம் வீட்டுப் பின்கட்டு, 20க்கு 15 அடி சிமெண்ட் தரை. போர் தண்ணி உப்பு, வாரத்துல ரெண்டு நாள் நல்ல தண்ணி வரும். 2 எச்.பி. கம்ப்ரஸரும் 120 பார் பிரஷர் வாஷரும் இருக்கு. வாட்டர் சர்வீஸ்ல கொண்டுபோய்க் கொடுன்னு சொல்லாதீங்க. ஒவ்வொரு உருப்படியும் நம்பர் போட்டு வரிசையா வச்சிருக்கு, அது கலைஞ்சா திரும்பப் பூட்டுறப்ப கஷ்டம்.

எதுல ஊறவைக்கணும், எவ்வளவு நேரம், எதை எதுல போடக்கூடாது? இது மூணும் தெரிஞ்சாப் போதும்.

#2 கப்பலூர்_லேத்

ஊறவைக்கிறதைப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல வழிச்செடுங்க. ஒரு அங்குலம் படிஞ்சதை மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டா மேல கால் அங்குலம் கரைஞ்சு கறுப்புக் கூழா ஓடும், அடியில இருக்கிறது அப்படியே இருக்கும். அஞ்சு லிட்டர் எண்ணெயும் அதோட வீண், தரையும் வீண்.

உடைஞ்ச பவர் ஹாக்ஸா பிளேடு ஒன்னை எடுத்து ஒரு முனையை உளி மாதிரி சாணை பிடிச்சு, மறு முனையில சைக்கிள் டியூபைச் சுத்திக்கிட்டா நல்ல சுரண்டி ரெடி. கூடவே ஒன்றரை அங்குலப் புட்டி பிளேடு, ஹவுசிங் மூலைக்கு வளைச்ச 6 மில்லி கம்பி. கீழ சிமெண்ட் சாக்கை விரிச்சு மரத்தூள் தூவிடுங்க. விழுறது ஒட்டாம அள்ள வரும். பொறுமையா செஞ்சா பத்துல ஒன்பது பங்கு அழுக்கு ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமலே சாக்குல வந்துரும். மிச்சம் இருக்கிற அரை மில்லிக்குத்தான் கரைக்கிற வேலை.

கிரைண்டர்ல ஒயர் கப் மாட்டி கிரீஸ் மேல வச்சிராதீங்க. சூட்டுல இளகி, மெழுகு தேய்ச்ச மாதிரி இரும்பு மேல பரவிடும். பார்க்கப் பளபளன்னு இருக்கும், பெயிண்ட் ஒட்டாது. சாண்ட் பிளாஸ்டும் அதே கதைதான், மணல் கிரீஸைக் குழிக்குள்ள அறைஞ்சு ஏத்திடும்.

இன்னொன்னு. சுரண்டுறதுக்கு முன்னாடி அந்த கிரீஸைப் பாருங்க. பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தா தண்ணி இறங்கியிருக்கு. விரல்ல தேய்ச்சா ஜிகினா மாதிரி மின்னுச்சுன்னா அந்த இடத்து பேரிங்கோ பின்னோ தேய்ஞ்சுக்கிட்டிருக்கு. மஞ்சள் மினுக்குன்னா பின்னைச் சுத்தியிருக்கிற புஷ். எங்க என்ன பார்த்தீங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டுச் சுரண்டுங்க, கழுவிட்டா இந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது.

#3 மேலூர்_டிப்பர்

அண்ணன் சொன்னது சரி. ஆனா கல்லுத்தூள் கலந்த படிவு வெறும் சுரண்டலுக்கு மசியாது, மேல் ஓடு சிமெண்ட் மாதிரி இருக்கும். சாயங்காலம் பழைய பெயிண்ட் பிரஷ்ல டீசலை மெல்லிசா ஒரு தடவு தடவி, ஈரச் சாக்கைச் சுத்தி, மேல பாலித்தீன் போட்டுக் கட்டிருங்க. ஒரு பக்கப் பட்டைக் கட்டுக்கு அரை லிட்டர் தாராளம். காலையில ஓடு ஊறிப் புட்டு மாதிரி உதிரும்.

வேலை நேரம் காலை ஆறுல இருந்து ஒன்பது. வெயில் ஏறினா கிரீஸ் இளகி பிளேடுல ஒட்டி இழுபடும், குளிர்ச்சியில கட்டியா பெயரும். வெயில்ல காய வச்சுச் சுரண்டுங்கன்னு நிறையப் பேர் சொல்வாங்க. சுத்தமான கிரீஸுக்கு அது சரி, தூள் கலந்ததுக்கு சரிவராது.

கிரானைட் தூள்ல குவார்ட்ஸ் மாதிரியான கடினமான சங்கதி நிறைய. கிரீஸோட சேர்ந்தா வால்வு உட்கார வைக்கிற கிரைண்டிங் பேஸ்டும் அதுவும் ஒன்னுதான். கிங் பின் (முன் சக்கரம் திரும்புற முளை), ஆயில் சீல் உட்காருற இடத்துலயெல்லாம் துணியால தேய்க்கக்கூடாது. எண்ணெயை ஊத்தி ஓடவிட்டு, தூள் போனபிறகு துணி.

#4 ரசாயன_வாத்தியார்

பலபேர் குழம்புற இடம் ஒன்னு இருக்கு, அதை மட்டும் சொல்றேன். கிரீஸ்னா எண்ணெயைப் பிடிச்சு வச்சிருக்கிற சோப்பு. லித்தியம் சோப்பு, கால்சியம் சோப்பு இப்படி. வருஷக்கணக்குல எண்ணெய் கசிஞ்சு போயிருச்சுன்னா சோப்பும் தூசியும்தான் மிச்சம், அதான் கல் மாதிரி ஆகுது. அதுக்கு மறுபடி எண்ணெய் காட்டினா இளகும். மேலூர் தம்பி சொன்ன டீசல் பத்து வேலை செய்றது அதனாலதான்.

காஸ்டிக் சோடா போட்டா எண்ணெய் சோப்பாயிரும்னு சொல்றது தேங்காய் எண்ணெய்க்குப் பொருந்தும், மினரல் ஆயிலுக்குப் பொருந்தாது. என்ஜின் ஆயிலும் கிரீஸ் எண்ணெயும் காரத்துல சோப்பாகாது. காரத் தொட்டியில நடக்கிறது வேற: சூடு எண்ணெயை இளக்குது, சோப் ஆயில் அதைச் சின்னச் சின்னத் துளியா உடைச்சுத் தண்ணியில மிதக்க விடுது. அதனால பச்சைத் தண்ணியில காஸ்டிக் போட்டு ஊறவைக்கிறது வீண் ஆபத்து.

அடுத்தது தீ. மண்ணெண்ணெய் தீப்பற்றும் நிலை இந்தியத் தரப்படி குறைஞ்சது 35 டிகிரி. சித்திரை, வைகாசியில நம்ம ஊர் நிழல்லயே 40 வரும். வெயில்ல கிடக்கிற தகரத் தட்டுல கை வைக்க முடியாது. அந்த நேரத்துல திறந்த தட்டுல மண்ணெண்ணெய் இருந்தா மேல ஆவி நிக்கும், ஒரு பீடி போதும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலயே பத்தும், அதைக் கழுவத் தொடவே வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில பெட்ரோல் ஊத்தித் துணியால தேய்ச்சா நிலைமின் பொறி ஒன்னே போதும்.

#5 சேசிஸ்_திருநகர்

நன்றி. மரத்தூளும் சாக்கும் ரெடி. மண்ணெண்ணெய் எங்க கிடைக்குது? ரேஷன்ல வர்ற நீலத்தை இதுக்குத் தொடக்கூடாது, வெள்ளை மண்ணெண்ணெய் கடைகள்ல அபூர்வம். டீசலே போதுமா?

#6 கப்பலூர்_லேத்

முதல் கழுவலுக்கு டீசல் போதும். கடைசிக் கழுவலுக்கு பெயிண்ட் கடையில டின்ல விக்கிற மினரல் டர்பென்டைன். டீசல் காய்ஞ்சாலும் ஒரு எண்ணெய்ப் படலம் விட்டுட்டுத்தான் போகும். உள்ள பூட்டுற உருப்படிக்கு அது நல்லது, துருப்பிடிக்காது. பெயிண்ட் அடிக்கிற உருப்படிக்கு அதுவே எமன். டர்பென்டைன் அநேகமா மிச்சம் வைக்காம ஆவியாகும். தீ விஷயத்துல அதுவும் மண்ணெண்ணெய் மாதிரிதான், வாத்தியார் சொன்ன கவனம் இதுக்கும் உண்டு.

மூணு டின் முறை வச்சுக்கோங்க. மூணு 5 லிட்டர் பெயிண்ட் டின், ஒவ்வொன்னுலயும் 4 லிட்டர். முதல் ரெண்டுல டீசல், மூணாவதுல டர்பென்டைன். உருப்படி ஒன்னு, ரெண்டு, மூணுன்னு அதே வரிசையில போகணும், பிரஷும் டின்னுக்கு ஒன்னு. ஒன்னாவது கூழானதும் மூடிவச்சு ரெண்டு நாள் ஆட்டாம விடுங்க. மண்ணெல்லாம் அடியில இறங்கும், மேல தெளிஞ்சதை மெதுவா சாய்ச்சு எடுத்து மறுபடி ஒன்னாவது டின்னுக்கே ஊத்தலாம். இப்படிச் சுத்தினா ரெண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து 12 லிட்டரோட நிறுத்திரலாம்.

பெரிய உருப்படிக்கு, அதாவது பீம், ஹவுசிங் வெளிப்பக்கம், டின் உதவாது. 1 லிட்டர் டீசலுக்கு 100 மில்லி சோப் ஆயில் கலந்து குலுக்குங்க, வெளுப்பா வரும். பிரஷ்ல தடவி 15 நிமிஷம் விட்டு, காயறதுக்குள்ள பிரஷர் வாஷர்ல அடிங்க. சோப் ஆயில் இருக்கிறதால டீசல் தண்ணியோட பாலா ஓடிரும். தடவுறதுக்கு முன்னாடி உருப்படி மேல தண்ணி படக்கூடாது. ஈர இரும்புல இது வேலை செய்யாது.

#7 பேரிங்_தட்டு

ஹப் பேரிங்கை இந்த வரிசையில சேர்க்காதீங்க, அதுக்குத் தனி டின், தனி பிரஷ், சுத்தமான டர்பென்டைன். காரத் தண்ணி, வாஷர் ரெண்டும் அதுக்கு ஆகாது. கோன் (ரோலரோட இருக்கிற உள் வளையம்) எந்த கப்புல (வெளி வளையம்) இருந்து வந்ததோ அதே ஜோடியாக் கட்டி வைக்கணும். இடம் மாத்திப் போட்டா ஒன்னையொன்னு தின்னும்.

காத்து அடிச்சு விர்ர்ருன்னு சுத்தவிடுறது எல்லாருக்கும் ஒரு விளையாட்டு. எண்ணெய் இல்லாத ரோலர் அந்த வேகத்துல கோடு விழுந்துரும், கேஜ் உடைஞ்சா ரோலர் குண்டு மாதிரிப் பறக்கும். கையால பிடிச்சுக்கிட்டு ரோலர் நீளவாக்குல காத்து விடுங்க, சுத்த விடாதீங்க.

காய்ஞ்சதும் வெளிச்சத்துல ஒவ்வொரு ரோலரா திருப்பிப் பாருங்க. நீலம் பாஞ்சிருந்தா சூடு கண்டது. நகத்தை ஓட்டினா தட்டுப்படுற குழி இருந்தா அதுவும் வேண்டாம். ரெண்டுமே மாத்த வேண்டிய கேஸ். நல்லா இருந்தா உடனே கிரீஸ் ஏத்தணும். கழுவின பேரிங்கை ராத்திரி சும்மா வச்சா காலையில விரல் ரேகை துருவா நிக்கும்.

ஏத்துறது லித்தியம் கிரீஸ், என்எல்ஜிஐ 2 (கிரீஸோட கெட்டித் தர எண்). சேசிஸ் நிப்பிளுக்கு (கிரீஸ் ஏத்துற வாய்) அடிக்கிற சாதா கால்சியம் கிரீஸ் 100 டிகிரி கிட்டவே ஒழுகிரும், லித்தியம் 180ஐத் தாண்டும். மதுரையில இருந்து வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் ஏத்தம் ஏறி இறங்குற வண்டி ஹப்புக்கு கால்சியம் போட்டா பிரேக் சூட்டுல உருகி பிரேக் லைனர்ல இறங்கும். உள்ளங்கையில ஒரு உருண்டை வச்சு, பேரிங்கோட அகல முனையை அதுல அமுக்கி அமுக்கி, மறுபக்கம் ரோலர் இடுக்குல புழு மாதிரி வெளிய வர்ற வரைக்கும் ஏத்தணும். ஹப் உள்வெளியில மூணுல ஒரு பங்குக்கு மேல நிரப்பாதீங்க. நிறைச்சா கடைஞ்சு சூடேறி சீலைத் தள்ளிரும். பழைய கிரீஸ் மிச்சத்தோட புது வகையைக் கலக்கவும் கூடாது, சில ஜோடி சேர்ந்தா தண்ணியாப் போகும்.

#8 வைகை_வடகரை

சின்ன இரும்பு உருப்படிகளுக்கு, அதாவது ஷேக்கிள், யூ போல்ட், பிராக்கெட், பெடல் செட், வெந்நீர் சோடாத் தொட்டிதான் சுகம். 20 லிட்டர் தண்ணி, ஒரு கிலோ சலவை சோடா, 100 மில்லி சோப் ஆயில். விறகடுப்புல வச்சு ஆவி பறக்கிற அளவு, 70 முதல் 80 டிகிரி. கொதிக்கவிட்டா நுரை பொங்கி அடுப்பை அணைக்கும். சுரண்டின உருப்படியைக் கம்பியில கோத்துத் தொங்கவிடுங்க, அடியில கிடந்தா சகதியிலயே ஊறும். முக்கால் மணி நேரம் போதும். ஆறினதும் எண்ணெய் மேல ஆடை மாதிரி மிதக்கும், அகப்பையால அள்ளிட்டா அதே தண்ணி இன்னும் நாலு தடவைக்கு ஆகும். டீசல்ல கழுவினதை சொட்டச் சொட்ட அடுப்புப் பக்கம் கொண்டு வராதீங்க. டீசல் வேலை ஒரு நாள், அடுப்பு வேலை வேற நாள்.

தொட்டிக்கு 200 லிட்டர் பேரலைக் குறுக்க வெட்டுவாங்க. பழைய ஆயில், தின்னர் பேரலை கேஸ் கட்டிங்லயோ கிரைண்டர்லயோ வெட்டவே வெட்டாதீங்க. காலியான பேரல்ல இருக்கிற ஆவி குண்டு மாதிரி வெடிக்கும். வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி உளியால வெட்டணும், இல்லைன்னா வெட்டி வச்சதையே பழைய இரும்புக் கடையில வாங்கிருங்க.

தொட்டியில போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொன்னுக்கும் காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டாததைத் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீங்க. அலுமினியம் மூடி, ஜிங்க் வார்ப்பு எல்லாம் அதுலதான் மாட்டும்.

#9 ரசாயன_வாத்தியார்

காந்தச் சோதனைக்கு என் ஓட்டு. சலவை சோடாவுல அலுமினியம் கறுத்துப்போகும். காஸ்டிக்கா இருந்தா கண்ணு முன்னாடியே நுரைச்சுக் கரையும், வர்ற வாயு ஹைட்ரஜன், பக்கத்துல அடுப்பு எரியுது. சேர்த்து யோசிங்க.

காஸ்டிக்கைக் கட்டாயம் பயன்படுத்தித்தான் ஆகணும்னா, கருகின பெயிண்டோட சேர்ந்த வார்ப்பிரும்புக்கு மட்டும், 20 லிட்டருக்கு ஒரு கிலோ. தண்ணியில காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். காஸ்டிக் மேல தண்ணி ஊத்தினா சூட்டுல தெறிக்கும். கண்ணுக்கு மூடின கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை. கண்ணுல பட்டா 20 நிமிஷம் குறையாம ஓடுற தண்ணியில கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. எலுமிச்சை, வினிகர் வைத்தியமெல்லாம் பார்க்காதீங்க. வீட்டுக்குச் சலவை சோடாவே போதும்ங்கிறது என் அபிப்பிராயம், குழந்தைங்க நடமாடுற பின்கட்டுல காஸ்டிக் தொட்டி வேண்டாம்.

கையுறையிலயும் ஒரு வித்தியாசம். டீசல், டர்பென்டைனுக்கு நைட்ரைல். மெல்லிய ரப்பர் உறை எண்ணெயில ஊதி அரைமணியில கிழியும்.

#10 ஸ்பேனர்_22

எதுக்கு இவ்வளவு? புளோ லேம்ப் வச்சு எரிச்சுட்டா சாம்பலாத் தட்டிரலாமே.

#11 மேலூர்_டிப்பர்

தம்பி, பட்டை பதம் பாத்த இரும்பு. தீ ஒரே இடத்துல நின்னு நிறம் மாறுச்சுன்னா அந்த இடம் பதம் போச்சு, லோடு ஏத்தினதும் அங்கதான் ஒடியும். ஆக்சில் பீம், ஸ்டியரிங் ஆர்ம், இழுவைக் கம்பி எல்லாத்துக்கும் இதே பேச்சு. பழைய பெயிண்ட்ல ஈயமும் இருக்கும், அந்தப் புகை தெருவுக்கே போகும்.

#12 பட்டைக்கட்டு

பட்டையைப் பத்தி வந்ததால இதையும் சொல்லிடறேன். கட்டோட வெளியை மட்டும் கழுவிட்டுப் பெயிண்ட் அடிக்கிறவங்கதான் அதிகம். அழுக்கு இடுக்குலதான் இருக்கு. பிரிக்கணும். சென்டர் போல்ட்டை அப்படியே கழட்டினா இலைகள் விறைப்போட பிரிஞ்சு முகத்துல அடிக்கும். போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ஜி கிளாம்ப் போட்டு இறுக்கி, போல்ட்டை எடுத்து, அப்புறம் கிளாம்ப் ரெண்டையும் மாத்தி மாத்தி அரைச் சுத்தாத் தளர்த்துங்க. இலை ஒவ்வொன்னுலயும் ஒரே ஓரத்துல சுண்ணக்கட்டியால நம்பர் போட்டா கழுவினதும் அழியும். கம்பியில தகரத் துண்டு கட்டி அதுல குத்திருங்க.

இலைக்கு நடுவுல இருக்கிறது கிராஃபைட் கிரீஸ். கறுப்பு போகாதுன்னு தேய்ச்சுக்கிட்டே இருக்காதீங்க, கிராஃபைட் எந்த எண்ணெயிலயும் கரையாது. துணியில பிசுக்கு வராம கறுப்பு மட்டும் வந்தா வேலை முடிஞ்சது. நுனியில, அடி இலை உரசுற இடத்துல குறுக்கே வெடிப்பு இருக்கான்னு பாருங்க. கழுவினபிறகு டர்பென்டைன்ல நனைச்சுத் துடைச்சுட்டு மேல சாக்பீஸ் பொடி தடவுங்க. வெடிப்புக்குள்ள நின்ன எண்ணெய் பொடியில கோடா ஊறி வரும். அப்படி வந்த இலை பழைய இரும்புக்கு.

#13 சேசிஸ்_திருநகர்

பீம், ஷேக்கிள், யூ போல்ட் முடிஞ்சது. சாக்குல வழிச்ச அழுக்கு மட்டும் 11 கிலோ. இப்போ ரெண்டு சிக்கல். கழுவி முடிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள இரும்பு ஆரஞ்சா மாறுது, அங்கங்க வெள்ளையாப் பூக்குது. பீம்ல ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சா கிங் பின் கண்ணு (பின் நுழையுற ஓட்டை) பக்கம் மீன் கண் மாதிரி குழிகுழியா விலகுது. திரும்பத் திரும்பத் துடைச்சும் அதே இடம்.

#14 பெயிண்ட்_பூத்

வெள்ளை உங்க போர் தண்ணியோட உப்பு. அதுல இருக்கிற கால்சியம் சோப்போட சேர்ந்து ஒரு படலத்தையும் விடும், உப்பு இரும்பை வேகமா அரிக்கவும் செய்யும். வாஷருக்குப் போர் தண்ணி போகட்டும், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணி. முடிஞ்சா அதைச் சுட வச்சு ஊத்துங்க. இரும்பு சூடா இருந்தா தண்ணி தானாப் பறந்துரும், துருவுக்கு நேரம் கிடைக்காது. உடனே கம்ப்ரஸர் காத்து, போல்ட் ஓட்டை, மடிப்பு எல்லாத்துலயும்.

மீன் கண் ஒரே இடத்துல திரும்ப வந்தா அங்க எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். மேல இல்ல, உள்ள. கிங் பின் கண்ணுக்குள்ள இருக்கிற பழைய கிரீஸ் வெயில்ல இளகி விளிம்பு வழியா கசியுது. உள்ளே முழுசா சுத்தம் பண்ணாம வெளிய எத்தனை தடவை துடைச்சாலும் இதேதான். அடிச்சதை அந்த இடத்துல சுரண்டி எடுத்துட்டு ஓட்டையைக் கழுவுங்க, ஒரு பகல் வெயில்ல போடுங்க, கசிஞ்சு வர்றதைத் துடைங்க, வராம நின்னபிறகு பெயிண்ட்.

சோதனை சுலபம். சுத்தம்னு நீங்க நினைக்கிற இரும்பு மேல நல்ல தண்ணியை ஊத்துங்க. தாமரை இலைத் தண்ணி மாதிரி முத்து முத்தா நின்னா எண்ணெய் இருக்கு. ஒரே விரிப்பாப் பரவி, அரை நிமிஷம் உடையாம நின்னா சுத்தம். எங்க விரிப்பு உடையுதோ அங்க திரும்ப வேலை.

அதுக்கப்புறம் தின்னர் துடைப்பு. வெள்ளை பனியன் வேஸ்ட் மட்டும், கலர் வேஸ்ட்ல சாயம் இறங்கும். ஒரு கையில நனைஞ்ச துணி, மறு கையில காய்ஞ்ச துணி. நனைச்ச இடத்தை அது காயறதுக்குள்ள காய்ஞ்ச துணியால எடுக்கணும். நனைச்ச துணியால மட்டும் தேய்ச்சா எண்ணெயை இடம் மாத்தி வைக்கிறீங்க, அவ்வளவுதான். ரெண்டு கைநீட்டத்துக்கு ஒரு தடவை துணியோட புது மடிப்பு. அன்னிக்கே பிரைமர், மறுநாளுக்கு விடாதீங்க.

#15 கப்பலூர்_லேத்

பின் ஹவுசிங் தொடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: இவ்வளவு எண்ணெய் வெளிய எப்படி வந்துச்சு? ஹவுசிங் மேல ஒரு சின்ன பிரீதர் (காத்து போற துவாரம்) இருக்கும், அநேகமா மண்ணு அடைச்சிருக்கும். வண்டி ஓடினா உள்ள சூடு, காத்து விரியுது, வெளிய போக வழியில்ல, ஹப் சீலைத் தள்ளிட்டு எண்ணெய் வழியுது. சீல் மாத்திட்டு பிரீதரை விட்டா மூணு மாசத்துல மறுபடி இதே சுரண்டல். அதைக் கழட்டி டர்பென்டைன்ல ஊறவச்சு வாயால ஊதிப் பாருங்க, தடையில்லாமப் போகணும்.

ஹவுசிங், கியர் பாக்ஸ் வெளியை வாஷர்ல அடிக்கும்போது திறந்த ஓட்டை எல்லாத்துக்கும் மரத்துல ஆப்பு செதுக்கி அடிங்க, தலை வெளிய தெரியணும். பனியன் வேஸ்ட் திணிக்காதீங்க, ஒன்னு உள்ள மறந்துட்டா கிரௌன் வீல்ல சுத்திக்கும். சீல் இருக்கிற இடத்துக்கு நாசிலை ஒரு முழத்துக்குள்ள கொண்டு போகக்கூடாது, 120 பார் தண்ணி சீல் உதட்டைத் தாண்டிரும்.

அடி மூடின ஸ்டட் ஓட்டைகள் கவனம். உள்ள எண்ணெயோ தண்ணியோ நிக்கும்போது போல்ட்டை இறுக்கினா அதுக்குப் போக இடமில்ல, வார்ப்பைப் பிளந்துரும். துணி சுத்தின குச்சியால உறிஞ்சி எடுங்க. காத்து அடிச்சா நேரா கண்ணுக்குத்தான் வரும், கண்ணாடி இல்லாம வேண்டாம்.

#16 பேரிங்_தட்டு

பிரேக் டிரம் பக்கத்துக்கும் ஒரு எச்சரிக்கை. பழைய லைனர்ல அஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தப் பொடியைக் காத்தடிச்சோ காய்ஞ்ச பிரஷ்லயோ தட்டக்கூடாது, மூச்சுல போனா நுரையீரலுக்குச் சரிபண்ண முடியாத சேதம். சோப்புத் தண்ணி தெளிச்சு நனைச்சு, ஈரத்துணியால எடுத்து, துணியைப் பையில கட்டிருங்க. பழைய பேக்கிங் ஷீட்டைச் சுரண்டும்போதும் இதே ஈர முறைதான்.

கிரீஸ் குடிச்ச லைனரைக் கழுவுறது, எரிக்கிறது எல்லாம் வேலைக்காகாது. சூடானதும் உள்ள இருந்த எண்ணெய் திரும்ப மேல வரும். மாத்திருங்க. பிரேக் சிலிண்டர் ரப்பர், ரப்பர் வளையம் எதுலயும் டீசல், டர்பென்டைன் படவே கூடாது. ஊதிப்போய் பிஸ்டன் சிக்கும். அதுக்கு பிரேக் ஆயில் மட்டும்.

#17 சேசிஸ்_திருநகர்

மீன் கண் நின்னுருச்சு, கசிவு கண்ணுக்குள்ள இருந்துதான். கடைசியா ரெண்டு சந்தேகம். சேசிஸ் லாங் மெம்பர்ல (நீளச் சட்டம்) அடிச்ச சேசிஸ் நம்பர் மேலயும் இதே படிவு இருக்கு. அப்புறம் இந்தக் கறுப்புக் கூழ், மரத்தூளையெல்லாம் என்ன பண்றது?

#18 பெயிண்ட்_பூத்

நம்பர் மேல ஒயர் பிரஷ், எமரி, கிரைண்டர் எதுவும் வேண்டாம். எழுத்து மழுங்கினா ஆர்டிஓ ஆபீஸ்ல பென்சில் பிரதி எடுக்கும்போது சந்தேகம் கிளப்பும். டர்பென்டைன்ல நனைச்ச துணியை அரைமணி அது மேல ஒட்டி வச்சு, மூங்கில் பத்தையால வழிச்சு, பழைய டூத் பிரஷ்ல முடிங்க. பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பென்சில் பிரதி எடுத்து வச்சிருங்க. பிரைமரை அந்த இடத்துல ஒரே மெல்லிய கோட், எழுத்துப் பள்ளம் நிரம்பக்கூடாது.

#19 வைகை_வடகரை

கூழை சாக்கடையில விட்டா அது கடைசியில கிருதுமால் ஆத்துலயோ கண்மாயிலயோ போய் நிக்கும். பின்கட்டு மண்ணுல கொட்டினா உங்க போருக்கே திரும்ப வரும். பழைய ஆயில் 2016 அபாயகரக் கழிவு விதிகள்ல வர்ற சமாச்சாரம். தெளிஞ்ச எண்ணெயை மூடி போட்ட கேன்ல சேர்த்து, பழைய என்ஜின் ஆயில் எடுக்கிற ஆள்கிட்ட கொடுங்க. அவர் உரிமம் உள்ள மறுசுத்திகரிப்புக்கு அனுப்புறவரான்னு கேட்டுக்கோங்க. அடி வண்டலை மரத்தூள்ல உறிஞ்ச விட்டு, மூடியுள்ள தகர டின்ல தனியா வைங்க. வீட்டுக் குப்பையோட கலக்கவும் கூடாது, கொளுத்தவும் கூடாது.

#20 ரசாயன_வாத்தியார்

எண்ணெய்த் துணி தானாவே தீப்பிடிக்கும்னு சொல்வாங்களே, அது ஆளி விதை எண்ணெய், பெயிண்ட் எண்ணெய் துடைச்ச துணிக்குத்தான். டீசல் துணி தானாப் பத்தாது, ஆனா பொறி பட்டா அணைக்க முடியாது. நீங்க ரெண்டு வேலையும் ஒரே இடத்துல பண்றதால துணியெல்லாம் கலந்திருக்கும். சுருட்டிக் குவிக்காம விரிச்சுக் காயப்போட்டு, அப்புறம் டின்ல போட்டு மூடுங்க.

#21 பட்டைக்கட்டு

பூட்டுறதுக்கு முன்னாடி ஒன்னு. ஷேக்கிள் பின் உள்ள கிரீஸ் போற ஓட்டை இருக்கு பாருங்க, நிப்பிள்ல இருந்து நடுவுல போய் பக்கவாட்டுல வெளிய வரும். வெளிய பளிச்சுன்னு கழுவின பின்னுலயும் அது பழைய கிரீஸ்ல மெழுகுவத்தி மாதிரி அடைஞ்சிருக்கும். நிப்பிளைக் கழட்டி, பழைய கிளட்ச் கேபிள்ல இருந்து ஒரு இழை எடுத்து முனையைச் சின்னக் கொக்கியா வளைச்சு, ரெண்டு பக்கத்துல இருந்தும் சுத்திச் சுத்தி இழுங்க. அப்புறம் டர்பென்டைன் நிரப்பி ஒரு ராத்திரி, காலையில காத்து. புது நிப்பிள் மாட்டி, பின்னைக் கையில பிடிச்சுக்கிட்டே கிரீஸ் கன் அடிங்க. பக்க ஓட்டையில புது கிரீஸ் கறுப்பு கலக்காம வந்தபிறகுதான் புஷ்ஷுக்குள்ள ஏத்தணும்.